காதோடு சொன்னது

பொம்மையார்பாளையம் கடற்கரையில், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கிறது. பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தருகிற இடம். அதன் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். கடலில் இறங்குகிற ஒவ்வொரு படகுக்கும் அதில் ஒரு வரி எழுதியாக வேண்டும்: படகின் எண், ஓட்டுபவர் பெயர், கூடப் போகிறவர்கள் எத்தனை பேர், கிளம்பிய நேரம். கரைக்கு வந்ததும் வரியை அழித்துவிடுவார்கள். பொழுது சாயும்போது ஒரு வரி அழியாமல் நின்றால் தேடிப் போக வேண்டும் என்று பொருள்.

குயிலாப்பாளையம் வேணி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஓட்டுவதற்குச் சேரவில்லை, பாய் அலசச் சேர்ந்தாள். உப்பேறிய பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, தோப்பில் கயிறு கட்டி உலர்த்தி, மடித்து வைக்க வேண்டும். அம்மா கோவிந்தம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் பால் பட்டு விரல்களெல்லாம் வெந்து கருத்திருக்கும். மகளுக்குத் தண்ணீரில் வேலை என்றதும் அவளுக்கு நிம்மதி. "உப்புதானடி. உப்பு இன்னா பண்ணிடும்?" என்றாள்.

ஒரு நாள் காற்று பலமாக இருந்தது. இரண்டு பேர் எடை இல்லாமல் படகு நிற்காது. சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஆள் கிடைக்கவில்லை. பாய் அலசிக்கொண்டிருந்த வேணியைக் கூப்பிட்டு எடைக்காக உட்கார வைத்துக்கொண்டு போனார். அவள் ஊரிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் காலனியில் யாரும் மீன் பிடித்ததில்லை. நீந்தத் தெரிந்தவர்களும் குறைவு. ஆனால் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்து உடம்பைச் சாய்க்க அன்றைக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருடத்தில் பலகையில் அவள் பெயர் ஏறியது. '4 – வேணி + 1 – 7.20.' ரேஷன் அட்டையில் அவள் மூன்றாவது பெயர். நூறு நாள் வேலை அட்டையில் அம்மாவுக்குக் கீழே. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து இரண்டே வருடத்தில் முடிந்துபோனது; அந்தப் பத்திரிகையில்கூட அவள் பெயர் மாப்பிள்ளைக்குப் பிறகுதான். எதிலாவது அவள் பெயர் முதலில் வந்தது அந்தப் பலகையில்தான். கரைக்கு வந்ததும் அதை அழிக்கிற வேலையை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை.

சீனுவாசன் அங்கே வந்தபோது வேணிக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டி, ஊரைச் சுற்றி நிலம், ஐம்பத்தொரு வயது, சர்க்கரை. நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவர், பாய் விரித்துப் போகிற படகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மறுநாளே பணம் கட்டிச் சேர்ந்தார். வேணிதான் அவருக்குச் சொல்லித்தந்தாள்.

பாயின் அடியோரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டையைப் பூம் என்பார்கள். படகு திசை மாறும்போது காற்று பாயின் மறுபக்கம் புகுந்து, பூம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சாடும். முதல் நாள் அப்படி அது கிளம்பியபோது வேணி, "சார், கொஞ்சம் தலைய குனிஞ்சிக்கோங்க சார், பூம்..." என்று ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் அது அவர் நெற்றியில் அடித்துவிட்டுப் போனது.

சீனுவாசன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ மரியாதையா சொல்லி முடிக்கறதுக்குள்ள என் மண்ட போச்சு. இதோ பாரு வேணி, மரியாதைய கரையில வெச்சிக்கலாம். இங்க நீ கத்து. ஒரே சொல்லு."

"இன்னான்னு கத்தறது சார்?"

"தலைன்னு கத்து. போதும்."

அன்றிலிருந்து அவள் "தலை!" என்று கத்துவாள், திண்டிவனம் மண்டிக்காரர் பொத்தென்று குனிவார். கரையில் நின்று பார்க்கிற மீனவர்கள் இதை ஒரு வேடிக்கையாகவே வைத்துக்கொண்டார்கள். "மொதலாளிய தோப்புக்கரணம் போட வுடுது பாரு அந்தப் பொண்ணு" என்பார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதை மட்டும் வேணியால் மாற்ற முடியவில்லை. சுக்கானைப் பிடித்திருக்கும்போது பக்கத்திலிருந்து யாராவது எதையாவது சொன்னால் தலையைத் திருப்புவார். தலையோடு சேர்ந்து கையும் திரும்பும். கையோடு படகும் திரும்பும்.

"சார், கழுத்து வேற, கை வேற."

"எனக்கு ரெண்டும் ஒரே வயர்ல கனெக்சன் போல. டூவீலர்லயும் இதே கததான். பொண்டாட்டி பின்னாலருந்து ஏதாவது சொன்னா வண்டி வயல்ல எறங்கிடும்."

அதனால் வேணி எப்போதும் அவருக்கு எதிரில் உட்காருவாள். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சத்தமாகச் சொல்வாள். காதுப் பக்கம் போகவே மாட்டாள். இப்படி நாலு வருடம். எத்தனையோ முறை கவிழ்ந்தார்கள். கவிழ்ந்தால் என்ன, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைமேல் ஏறி நின்று அழுத்தினால் சின்னப் படகு நாய்க்குட்டி மாதிரி எழுந்து உட்காரும். தண்ணீர் பாட்டில் ஒன்றுதான். அவள் குடித்துவிட்டுக் கொடுப்பாள், அவர் குடிப்பார். திண்டிவனத்தில் இதை யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு அவர் பெரிய படகு வாங்கினார்.

ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து வாங்கியது. இருபத்தெட்டு அடி. உள்ளே இறங்கினால் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு எஞ்சின். கரையோரமாகவே பல நாள் பயணம் போகலாம். பெற்ற தாயின் பெயரை அதற்கு வைத்தார்: கெங்கம்மாள். புதுச்சேரித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு படகுத்துறையில் அதைக் கட்டிவைத்தார்கள். வேணியையும் மாதச் சம்பளத்துக்கு அங்கேயே கூட்டிக்கொண்டார்.

வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு வாரம் இருவருக்கும் சொல்லித்தந்தார். வேணி தெரிந்ததை மறந்து மறுபடி கற்க வேண்டியிருந்தது. சின்னப் படகை உடம்பால் ஓட்டலாம். கெங்கம்மாளில் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலும் படகுக்குத் தெரியாது. சின்னப் படகுக்குக் கரை வீடு மாதிரி. எது நடந்தாலும் நேரே மணலில் ஏற்றிவிடலாம். கெங்கம்மாளின் அடியில் ஆளுயரத்துக்கு ஈயம் ஏற்றிய கனத்த பலகை தொங்குகிறது, கீல் என்பார்கள். கரையை நெருங்கினால் தட்டிவிடும். ஆபத்தென்றால் கடலுக்குள் போ, கரைக்குப் போகாதே என்றார் அந்த ஆள். பூமும் வேறு மாதிரி. சின்னதில் கையால் தள்ளிவிடுகிற கட்டை. இதில் காற்று நிறைந்து வந்தால் நாலு ஆள் பிடித்தாலும் நிற்காது.

இரண்டு வாரம் முடிந்து போகும்போது அந்த ஆள் சீனுவாசனின் கையைக் குலுக்கிவிட்டு, "உங்களுக்கு நல்ல படகோட்டி கிடைத்திருக்கிறாள்" என்று வேணியைக் காட்டினார்.

படகுத்துறை வாசலில் பலகை இல்லை. ஒரு நீள நோட்டு இருந்தது. அதே கட்டங்கள்தான். படகு, ஓட்டுபவர், கூடப் போகிறவர்கள், நேரம். முதல் நாள் சீனுவாசன் பேனாவை வாங்கி, 'கெங்கம்மாள் – சீனுவாசன் + 1' என்று எழுதினார். வேணி அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கவனித்திருக்க வேண்டும். படகில் ஏறும்போது, "புது போட்டுன்னு எல்லாம் பாக்க வர்றாங்க. இந்த சீசன் நான் எழுதிக்கறேன் வேணி. தை பொறக்கட்டும், உன் பேரப் போட்டுடலாம்" என்றார்.

"சரிங்க சார்" என்றாள். வீட்டில் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னாள். கோவிந்தம்மாள் கஞ்சியில் உப்பைப் போட்டபடி, "நோட்டுல பேரு போட்டா இன்னாடி குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்பறம் எதுக்குப் பறக்கற?"

வேணி கஞ்சியைக் கலக்கிக் குடிக்கத் தொடங்கினாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீனுவாசன் தன் குடும்பத்தைக் கூட்டிவந்தார். மனைவி கலைப்பிரியா, அவளுடைய பெரியப்பா, அவளுடைய தம்பி மாசிலாமணி. மாசிலாமணிக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். ஓரிடத்தில் உட்காராத மனுஷன். வேணியைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "கேப்டன் அம்மா, நமக்கு நீச்சல் தெரியாது. எது பண்றதா இருந்தாலும் சொல்லிட்டுப் பண்ணுங்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும் வழியில் படகு திசை மாறியது. பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்திருந்தார். "தலை!" என்று வேணி கத்தினாள். அந்தச் சத்தத்தில் அவர் பதறிப்போய்க் குப்புற விழுந்தார். வேட்டி அவிழ்ந்தது, வெற்றிலைப் பை சிதறியது. பூம் அவருக்கு ஒரு முழம் மேலே சும்மா போனது.

கலைப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னா இது, ஆடு மாடு ஓட்டற மாதிரி? எங்க பெரியப்பாவப் பாத்து தலைங்கறா!"

"அக்கா, கேப்டன் சொன்னா குனிஞ்சிடணும். நான் படுத்தே கெடக்கறேன் பாரு" என்று மாசிலாமணி மல்லாந்து படுத்துக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. கலைப்பிரியா தண்ணீர் பாட்டில்களை எடுத்து அடுக்கும்போது வேணியுடையதைத் தனியே நகர்த்தி வைத்தாள். சீனுவாசன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் காருக்குப் போன பிறகு அவர் மட்டும் திரும்பி வந்தார். வேணி மேல்தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. வீட்டாளுங்க வரும்போது கத்த வேணாம். எங்காதுல சொல்லு. நான் அவங்கள்ட்ட சொல்லிக்கறேன்."

"நேரம் பத்தாது சார்."

"அது சின்ன போட்டு. இது ஆனை மாதிரி, அசைஞ்சிதான் திரும்பும். பூமும் ஒக்காந்திருந்தா தலைக்கு மேலதான போவுது."

"நின்னா?"

"யாரு நிக்கப் போறா?"

காதில் சொன்னால் உங்கள் கை திரும்புமே சார் என்று சொல்ல வேணி வாயெடுத்தாள். அதற்குள் அவர், "இன்னும் மூணு மாசம். தை பொறந்ததும் நோட்டுல உன் பேருதான், மறக்கல" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக நாலு பேர் படகுத்துறைக்கு வந்தார்கள்: சீனுவாசன், கலைப்பிரியா, மாசிலாமணி, வேணி. வாசல்காரர் நோட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். சீனுவாசன் பேனாவை வாங்கி, ஒரு நொடி வேணியைப் பார்த்தார். பின்னால் கலைப்பிரியா நின்றிருந்தாள். 'சீனுவாசன் + 3' என்று எழுதினார்.

"இன்னா மாமா, கேப்டன் பேரையே காணோம்?" என்றான் மாசிலாமணி.

"அடுத்த வாட்டி" என்றார் அவர்.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. எஞ்சின் போட்டு வடக்கே போய், காலாப்பட்டைத் தாண்டி, கூனிமேட்டுக்கு நேரே படகைத் திருப்பினார்கள். எஞ்சினை நிறுத்திப் பாயை விரித்தாள் வேணி. காற்று முதுகுக்குப் பின்னால். பூம் ஒரு பக்கமாக வெளியே நீண்டு நின்றது. இப்படிக் காற்றை முதுகில் வாங்கிப் போவதுதான் பார்க்கச் சுகம், ஓட்டக் கஷ்டம். சுக்கான் கொஞ்சம் பிசகினாலும் காற்று பாயின் பின்னால் புகுந்துவிடும். பூம் சாடாமல் இருக்க அதை முன்பக்கம் ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடலாமா என்று கேட்டாள். கயிறு கிடந்தால் இவர்களுக்குக் காலில் தட்டும், வேண்டாம் என்றார் சீனுவாசன். சுக்கான் அவர் கையில் இருந்தது. வேணி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதில் சொல்ல வேண்டியவளுக்கு இப்போது அங்கேதான் இடம்.

கலைப்பிரியா கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கடல் அடங்கியிருந்தது. கரையில் கருவாடு காயவைக்கிற பெண்களின் சேலை நிறம்கூடத் தெரிந்தது. மாசிலாமணி போனை எடுத்துக்கொண்டு இருக்கைமேல் ஏறி நின்றான். "ஜெயத்துக்கு ஒரு வீடியோ அனுப்பறேன். நான் கடல்ல இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டா" என்றான். ஜெயம் அவன் மனைவி.

வேணி பாயைப் பார்த்தாள். அதன் வெளியோரம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. மறுபடி சுருங்கியது. காற்று புகப் பார்க்கிறது. இன்னும் மூன்று மூச்சில் பூம் சாடும். சுக்கானை இப்போதே சரியாகப் பிடித்தால் அது சாடாது.

தலை என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. எதிரில் கலைப்பிரியா சுளையிலிருந்து நாரை எடுத்துக்கொண்டிருந்தாள். வேணி சொல்லை விழுங்கினாள். குனிந்து, சீனுவாசனின் காதருகே, "சார், பூம் வரப் போவுது. அவர ஒக்காரச் சொல்லுங்க" என்றாள்.

"என்னது?" என்று அவர் அவள் பக்கம் திரும்பினார். கையும் கூடவே திரும்பியது.

பாய் வெடித்த மாதிரி ஒரு சத்தம். பூம் போகிற வழியில் மாசிலாமணியின் தலை இருந்தது. அவன் கத்தவில்லை. போன் தண்ணீரில் விழுந்தது. அவன் மடங்கி அக்காவின் காலடியில் விழுந்தான். இடது காதிலிருந்து இரத்தம் வந்தது, அதிகம்கூட இல்லை.

அதன் பிறகு வேணி கத்தினாள். "எஞ்சினப் போடு! சுக்கான விடு, நான் புடிக்கறேன்! அந்தக் கயித்த அவுரு! ஏய், தலைய ஆட்டாத, மடியில வெச்சிக்கோ, அப்படியே வெச்சிக்கோ!" திண்டிவனம் சீனுவாசனும் அவர் மனைவியும் அவள் சொன்னதையெல்லாம் சொன்ன மாத்திரத்தில் செய்தார்கள். யாருக்கும் எதுவும் தப்பாகப் படவில்லை.

கரை கண்ணுக்கு நேரே இருந்தது. சின்னப் படகாக இருந்திருந்தால் நேரே மணலில் ஏற்றியிருப்பாள், பத்து நிமிடம். கெங்கம்மாளைக் கொண்டுபோனால் கீல் தட்டி அலையில் புரண்டுவிடும். அவள் கரையைப் பார்த்தபடியே படகை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு, சிவப்புத் துணியை வீசி வீசிக் காட்டினாள். ஒரு ஃபைபர் படகு கிளம்பி வந்து அவனை வாங்கிக்கொள்ள அரை மணி நேரமானது. ஆம்புலன்ஸ் அவனோடு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் வழியிலேயே போய்விட்டிருந்தான்.

மாலையில் கரையில் வைத்து விசாரித்தார்கள். கையில் தாளோடு நின்ற அதிகாரி, "போட்டு ஓடும்போது சுக்கானப் புடிச்சிருந்தது யாரு?" என்று கேட்டார். சீனுவாசனின் சட்டையில் மைத்துனனின் இரத்தம் காய்ந்திருந்தது. கலைப்பிரியா மணலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"வேணி. அந்தப் பொண்ணுதான்."

பத்தடி தள்ளி நின்ற வேணிக்கு அது நன்றாகக் கேட்டது. மறுத்துப் பேச வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து அவள் காதுக்குள் 'என்னது?' என்கிற ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வேணியின்மேல் வழக்கு நடந்தது. பாய்ப்படகுப் பள்ளியில் மறுபடி வேலை கேட்டாள். பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் யோசிக்கிறார்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மாவோடு கொட்டை உடைக்கப் போனாள். முதல் வாரமே விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. கோவிந்தம்மாள் தன் கையாலேயே அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒரே ஒருமுறை சீனுவாசனின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. யாரும் பேசவில்லை.

இலவச சட்ட உதவியில் சித்ரா என்றொரு வக்கீல் கிடைத்தாள். இளவயது, வேகமாகப் பேசுவாள். படகுத்துறை நோட்டின் நகலை வாங்கிவந்து வேணியின் முன்னால் போட்டாள். "பாத்தீங்களாக்கா? ஒரு வருஷத்துல ஒரு நாள்கூட உங்க பேரு இல்ல. எல்லாம் சீனுவாசன், சீனுவாசன். ஓட்டறது அவரு. நீங்க கூடப் போன ஒத்தாசை ஆளு. ஜட்ஜ் கேட்டா, ஒத்தாசைக்கு இருந்தேன், சுக்கான் அவர் கையில இருந்திச்சின்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம். நீங்க வெளிய வந்துடலாம்."

வேணி அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூட்டல் குறி. ஒன்று. கூட்டல் குறி. மூன்று.

"சரிங்கம்மா" என்றாள்.

சீனுவாசன் சாட்சி சொன்ன நாளில் சித்ரா அந்த நோட்டை வைத்து அவரைக் கேட்டாள். அவர் இளைத்திருந்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நோட்டுல சும்மா என் பேர எழுதறதுங்க. போட்டு என்னுது, அதனால. ஓட்டறதெல்லாம் அவதான்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்குக் கத்துக்குடுத்ததே அவதான். இந்தக் கரையில அவ அளவுக்கு ஓட்ட ஆள் கெடையாது" என்றார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார். வேணி தலை நிமிரவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அதை நாலு பேர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

வேணியைக் கேட்கிற நாள் வந்தது. திண்டிவனம் நீதிமன்ற வராந்தாவில் அம்மாவோடு நின்றிருந்தாள். சித்ரா உள்ளே போயிருந்தாள். அப்போது மாசிலாமணியின் மனைவி ஜெயம் வந்து எதிரில் நின்றாள். இத்தனை வாய்தாவிலும் அவள் வேணியிடம் பேசியதில்லை. இப்போதும் கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அந்தக் கட்ட திரும்பி வரப் போவுதுன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிதா?"

கோவிந்தம்மாள் குறுக்கே வந்தாள். "அவளுக்கு இன்னாம்மா தெரியும்? கயிறு புடிக்கறவ. ஏம்மா நீ வேற..."

"தெரிஞ்சிது" என்றாள் வேணி.

"எவ்ளோ முன்னாடி?"

"மூணு மூச்சு."

ஜெயம் அதை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பவள் மாதிரி நின்றாள். "மூணு மூச்சு இருந்திச்சா" என்றாள். "அப்பறம் ஏன் கத்தல? நீ கத்தினா குனிஞ்சிடணும்னு எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தாரே."

உள்ளேயிருந்து வேணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் உள்ளே போனாள்.

நீதிபதி தாள்களைப் பார்த்தபடி, "அந்தப் படகில் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

சித்ரா அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். கடைசி பெஞ்சில் சீனுவாசனும் கலைப்பிரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயம் உட்காரவில்லை, வாசற்படியில் நின்றிருந்தாள். ஒத்தாசை என்று சொன்னால் போதும். ஒத்தாசைக்கு இருந்தவளுக்குப் பாயின் ஓரம் சுருங்கியது தெரிந்திருக்காது. தெரியாதவள் கத்தாததில் தப்பில்லை.

"படகோட்டி" என்றாள் வேணி.

சித்ராவின் பேனா நின்றது.

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"படகோட்டி நான்தாங்க. சுக்கான் சார் கையில இருந்திச்சி, என் கையில இல்ல. ஆனா பூம் வரப் போவுதுன்னு எனக்குத் தெரியும். கத்தல. கத்த வேணாம்னு சார் சொல்லியிருந்தாரு, அதனால காதுல சொன்னேன். காதுல சொன்னா அவரு கை திரும்பும். அதுவும் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும், சொல்லல. கத்தியிருந்தா அந்த அண்ணன் குனிஞ்சிருப்பாரு."

கலைப்பிரியா தன் கணவனின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். அவர் முன் பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டச்சு முடிந்து தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேணி தமிழ் படிக்கத் தெரிந்தவள். முதல் வரியில் தன் பெயரையும் அதன் பக்கத்தில் எழுதியிருந்ததையும் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். கொட்டைப்பால் பட்டு வெந்த விரலில் பேனா வழுக்கியது; எழுத்து கோணலாக வந்தது. அடுத்த வாய்தா தேதி சொன்னார்கள்.

வெளியே வந்தபோது ஜெயம் போய்விட்டிருந்தாள். சித்ரா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினாள்.

பாண்டி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கோவிந்தம்மாள் ஆரம்பித்தாள். "ஒத்தாசைன்னு ஒரு சொல்லு. சொல்லியிருந்தா பேஜாரு இல்லாம இந்நேரம் வூட்டுக்குப் போயிருக்கலாம்."

"வூட்டுக்குத்தானம்மா போறோம்."

"இன்னைக்குப் போறோம்" என்றாள் கோவிந்தம்மாள்.

டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவன் போன் பேசிக்கொண்டே குறுக்கே நடந்தான். வேணிக்கு அது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்து கத்தினார். அவன் விலகிக்கொண்டான்.